திரும்பப் பெற்ற இரங்கல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் யாராவது இறந்துபோனால் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேருக்குப் போன் வரும். கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கச் சொல்லி எல்வுட் டிங்லிக்கு ஒன்று. எல்லாருக்கும் மின்னஞ்சலில் போகிற காலை மடலில் இரண்டு வரி போடச் சொல்லி எனக்கு ஒன்று. முறை அதுதான், நடப்பு வேறு. எல்வுட்டுக்குச் சொல்ல மறக்க மாட்டார்கள், ஏனென்றால் கொடி எல்லார் கண்ணிலும் படும். எனக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். அதனால் காலையில் வந்ததும், மேல்கோட்டைக் கழற்றும் முன்பே, ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்துவிடுவேன். கொடி மேலே பறந்தால் நல்லது. பாதியில் நின்றால் மைதானக்காரர்களின் கொட்டகைக்குப் போன் போட்டு, "யாரு?" என்பேன். எல்வுட் பேரைச் சொல்வான். நான் எழுதி அனுப்பிவிடுவேன். போன நவம்பர் வரை ஒரு பிசகும் வந்ததில்லை.

என் பெயர் வெர்னா. கதவில் 'செய்திப் பிரிவு' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பிரிவு என்றால் நான், ஒரு கணினி, குளிர் வந்தால் கிழவன் மாதிரி இருமுகிற ஒரு ஹீட்டர். காணாமல்போன கையுறை, ஹாக்கி ஆட்ட முடிவு, எந்த வண்டி நிறுத்தத்தில் பனி அள்ளுகிறார்கள், மதியம் என்ன சூப், யார் பெற்றோராகியிருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் என் மடலில்தான் வரும். பேராசிரியர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். சூப்பைத் தப்பாகப் போட்டுப் பாருங்கள், முதல் போன் அவர்களிடமிருந்துதான் வரும்.

எல்வுட்டும் நானும் ஒரே பள்ளிக்கூடம். சதுப்பு நிலத்து ஓரத்தில் வைக்கோல் விற்றுப் பிழைத்த குடும்பம் அவனுடையது. பள்ளி முடித்த கையோடு பல்கலைக்கழகத்தில் புல் வெட்டச் சேர்ந்தான். அதற்குப் பிறகு வெயிலில் புல், இலையுதிர்காலத்தில் சருகு, குளிரில் பனி, வசந்தத்தில் சேறு என்று அவன் வருஷம் சுற்றிக்கொண்டே இருந்தது. பேச்சு கிடையாது. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அரை வார்த்தை போதுமா என்று யோசிக்கிற ஜாதி. கொடிக் கம்பத்தை அவனிடம் கொடுத்தது எப்படி என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. முதலில் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஓய்வு பெற்ற அன்று எல்வுட் பக்கத்தில் நின்றிருந்தான், அவ்வளவுதான்.

அவன் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசியவள் அவன் மனைவி லியோனி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் பிரெஞ்சு பேசுகிற அக்கேடியன் குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் பிரெஞ்சில் மாதாவையும் கோயில் பலிபீடத் துணியையும் சேர்த்துத் திட்டுவாள், அடுத்த நிமிஷம் சிலுவை போட்டுக்கொள்வாள். சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்க வந்தவள், முட்டி தேய்ந்ததும் வாசல் நாற்காலிக்கு வந்தாள். பிள்ளைகள் சாப்பாட்டு அட்டையைக் கொடுப்பார்கள், இவள் இயந்திரத்தில் இழுத்துத் திருப்பிக் கொடுப்பாள். வேலை அவ்வளவுதான். ஆனால் செப்டம்பரில் வந்து இறங்குகிற பிள்ளைகள் எல்லாருடைய பேரும் அக்டோபர் முடிவதற்குள் அவள் நாக்கில் இருக்கும். 

"என்ன ராசா, கண்ணு சிவந்திருக்கு? அழுதியா, குடிச்சியா?"

"பரீட்சை, லியோனி."

"பரீட்சைக்கு எவனாச்சும் அழுவானா? போ, இன்னிக்கு வாத்துக்கறி இருக்கு. ரெண்டு தடவை வாங்கிக்கோ. நான் பாக்கல."

அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது தங்கள் பேரை ஒருத்தி சொல்லக் கேட்டார்கள். பெர்முடாத் தீவிலிருந்து வந்த பிள்ளைக்கும் சரி, வடக்கே பனி பிரதேசமான லாப்ரடார் பக்கத்துப் பிள்ளைக்கும் சரி, அது பெரிய ஆறுதல்.

போன நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து அடுப்பில் கோழியை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த லியோனி அப்புறம் எழுந்திருக்கவில்லை. எல்வுட் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே வந்தவன், "கொதிக்குது" என்று சொல்லி அடுப்பை அணைத்தானாம். அவளிடமிருந்து பதில் வராதது அவனுக்கு விசித்திரமாக இருந்ததாம். அவள் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாதே. மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் டாக்டர். ஆல்பர்டாவில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தான். மகள் போனிலேயே கதறினாள். இவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும் வரை நின்றான்.

திங்கட்கிழமை காலை எல்வுட் வேலைக்கு வந்துவிட்டான். ஏன் வந்தாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை, யாருக்கும் தெரியாது. வந்தவன் வழக்கம்போலக் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பத்தடிக்குப் போய், கயிற்றை அவிழ்த்து, கொடியைப் பாதிக்கு இறக்கிக் கட்டியிருக்கிறான். யாரும் இறக்கச் சொல்லவில்லை. கை அதுவாகச் செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். சாவு என்றால் கொடி இறங்க வேண்டும், அது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி.

நான் வந்தேன், ஜன்னலில் பார்த்தேன், கொட்டகைக்குப் போன் போட்டேன்.

"யாரு, எல்வுட்?"

"லியோனி."

"எந்த லியோனி?"

"என் லியோனி."

எனக்கு அழுகை வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கே அது பிடிக்கவில்லை, ஆனால் வரவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது. "எப்ப?" என்றேன். "நேத்து" என்றான். போனை வைத்துவிட்டு, எத்தனையோ பேருக்கு எழுதியது போலவே அவளுக்கும் எழுதினேன். சாப்பாட்டுக் கூடத்து லியோனி டிங்லி ஞாயிற்றுக்கிழமை காலமானார், அவர் நினைவாகக் கொடி இறக்கப்பட்டிருக்கிறது. ஹாக்கி முடிவுக்கும் சூப்புக்கும் மேலே அதை வைத்து அனுப்பினேன். பிறகு பிசைந்து வைத்த மாவு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விட்லாக் கூப்பிட்டார். அவர் எங்கள் துறையின் இயக்குநர், டொரண்டோவிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று ரொம்பக் கஷ்டப்படுகிறவர்.

"வெர்னா, ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா இந்த அறிவிப்பை யார் சொல்லிப் போட்டீங்க?"

"கொடி இறங்கியிருந்துச்சு."

"கொடியை யார் இறக்கச் சொன்னா?"

"அவ செத்துட்டா, சார். வேற யார் சொல்லணும்?"

அப்போதுதான் விஷயம் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தைப் பல்கலைக்கழகம் கான்ட்ராக்டுக்கு விட்டுப் பல வருஷம் ஆகிறது. லியோனி அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், அதே பிள்ளைகளைத்தான் அதட்டினாள், சட்டை மட்டும் கம்பெனிப் பச்சையாக மாறியிருந்தது. கொடி ஊழியர்களுக்கு, மாணவர்களுக்கு, ஓய்வு பெற்றவர்களுக்கு. கம்பெனி ஆள் இதில் எதிலும் சேர்த்தியில்லை.

"ஒருத்தருக்குச் செஞ்சா அப்புறம் காவல்காரங்க, பஸ் ஓட்டுறவங்க, எல்லாருக்கும் செய்யணும்" என்றார்.

"செஞ்சா என்ன? கொடி தேஞ்சா போயிடும்?"

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க, வெர்னா. நானே ஒரு திருத்தம் அனுப்பிடறேன்."

அவரே எழுதினார், அவரே அனுப்பினார். எல்லார் மனமும் நோகாதபடி எழுதுவதாக நினைத்து எழுதியிருந்தார். 'லியோனி டிங்லி குறித்து இன்று காலை வெளியான இரங்கல் அறிவிப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது. அது திரும்பப் பெறப்படுகிறது. கொடி மீண்டும் முழுக் கம்பத்துக்கு ஏற்றப்படுகிறது. ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறோம்.'

நல்லா இருக்கு இல்லையா? வாசிக்கிறவனுக்கு என்ன தோன்றும் என்று அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்! அட, நானும்தான் படித்தேன். கோபத்தில் எனக்கும் மண்டையில் ஏறவில்லை.

இதற்குள் மைதானத்து மேஸ்திரி பர்டனுக்கும் உத்தரவு போய்விட்டது. பர்டன் வாய்க்கு வந்தபடி கத்துகிற மனுஷர், பனி லாரிக்கு ஓட்டுநர் வராவிட்டால் ஊரே கேட்கும். அன்று அவருக்கும் குரல் எழும்பவில்லையாம். சருகு வாரிக்கொண்டிருந்த எல்வுட்டிடம் போய், "யோவ், அதை ஏத்தணுமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "ஏன்னு கேட்டான்னா என்ன சொல்றதுன்னு பயந்துட்டு நின்னேன். கேக்கவே இல்ல, வெர்னா. வாரியலைச் சாத்தி வெச்சுட்டு நேரா போயி ஏத்திட்டான்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நான் ஜன்னலில் அதைப் பார்த்தேன். கொடி மெதுவாக மேலே போயிற்று. எல்வுட் அண்ணாந்து பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டான். மறுபடி சருகு வாரப் போனான்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரே கூச்சல், தட்டில் கரண்டியால் அடிக்கிற சத்தம், விசில். ஹாக்கியில் ஜெயித்தால்தான் அப்படிக் கேட்கும், அன்று ஆட்டமே கிடையாது. கதவைத் திறந்துகொண்டு பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். முன்னால் ஓடி வந்தவன் ஆங்கஸ், கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன், கதவு அகலம் இருப்பான். அவன் நேரே எல்வுட்டை நோக்கி ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ கடவுளே. இரங்கல் செய்தியைத் திரும்பப் பெற்றால் வேறு என்ன அர்த்தம்? கொடியும் மேலே பறக்கிறதே!

மேல்கோட்டைக்கூட எடுக்காமல் படியில் இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேரும்போது ஆங்கஸ் எல்வுட்டை வாரியலோடு சேர்த்துத் தூக்கிவிட்டான். பின்னால் வந்த பெண்கள் அழுகையும் சிரிப்புமாக நின்றார்கள்.

"எல்வுட்! காலைல உயிரே போயிடுச்சு எங்களுக்கு! எவன் அந்தப் புரளியைக் கிளப்பினது? லியோனி வீட்லயா, ஆஸ்பத்திரியிலயா? எப்ப வராங்க?"

எல்வுட்டைக் கீழே விட்டான். எல்வுட் தொப்பியைச் சரி செய்துகொண்டு அந்தப் பையனின் முகத்தையே பார்த்தான். ஏதோ தெரியாத பாஷையில் பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி. பிறகு அண்ணாந்து கொடியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வியாழக்கிழமை அடக்கம், தம்பி" என்றான். "கத்தோலிக்கக் கோயில்லதான். வரணும்னா வாங்க."

அந்தப் பிள்ளையின் கைகள் அப்படியே தொங்கிப்போயின. சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது, அவர்கள் கை தட்டிக்கொண்டே வந்தார்கள். முன்னால் நின்றவர்கள் திரும்பிக் கையைக் காட்டி, "வேண்டாம், வேண்டாம்" என்றார்கள். ஒரே நாளில் அந்தப் பிள்ளைகள் இரண்டு தடவை அவளைப் பறிகொடுத்தார்கள்.

நான் மேலே வந்தேன். யாரையும் கேட்கவில்லை. 'லியோனி டிங்லி இறந்துவிட்டார். அதில் தவறு ஏதும் இல்லை. வியாழக்கிழமை அடக்கம்' என்று அடித்து எல்லாருக்கும் அனுப்பினேன். விட்லாக் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே, வெர்னா."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

"நான் அந்த மாதிரி நினைச்சு எழுதல. நிஜமாவே நினைக்கல." அவர் முகம் வெளுத்திருந்தது. அவரைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குப் போனேன். எல்வுட் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். குளிருக்கு மூடி வைக்கும் முன் செய்கிற வேலை. வீட்டுக்குப் போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறான் என்று பர்டன் வாசலிலேயே முணுமுணுத்தார். நான் கொண்டுபோன ஓட்ஸ் பிஸ்கட்டை வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியில் வைத்தான். சாப்பிடவில்லை.

"வெர்னா."

"சொல்லு."

"அவளுக்குக் கொடியை இறக்க விடுவாங்களா?"

எல்வுட் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. இதைக் கேட்டான்.

"விட வைக்கிறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

உண்மையில் நான் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் செய்தார்கள். ஆங்கஸ் மாணவர் மன்றத்தில் எழுந்து பேசினான், பாதியில் உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டான், அதுவே போதுமாக இருந்தது. பழைய மாணவர்களுக்குச் செய்தி போயிற்று. என் பெட்டியில் கடிதங்கள் கொட்டின. சஸ்காட்டூனில் பல் டாக்டராக இருக்கிறவர் எழுதினார், நோவா ஸ்கோஷியாவில் மீன் பிடிக்கிறவர் எழுதினார், நன்கொடை கொடுக்கிற பெரிய மனிதர்கள் எழுதினார்கள். 'முதல் வருஷம் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன், லியோனிதான் உட்கார வைத்துச் சூப் கொடுத்தாள்' என்று ஒரு நீதிபதி எழுதியிருந்தார். நன்கொடைக்காரர்கள் எழுதியதும் மேலிடத்துக்குக் காது கேட்க ஆரம்பித்தது. வயிற்றெரிச்சல்தான், ஆனால் உள்ளது அது. நான் அந்தக் கடிதங்களை எல்வுட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெச்சுட்டுப் போ" என்றான். அவன் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்த கூட்டத்தைக் கோயில் கொள்ளவில்லை. பிள்ளைகள் மழையில் வாசலில் நின்றார்கள். பாதிரியார் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிப் பேசினார். மகள் அழுதாள், பர்டன் அழுதார், நான்கூடக் கடைசியில் அழுதுவிட்டேன். எல்வுட் முதல் வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒருமுறை குனிந்து, முன்னால் கிடந்த ஈரமான இலையைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். தரை அழுக்காகக் கூடாது என்று நினைத்திருப்பான். அடக்கம் முடிந்ததும் அன்று சாயங்காலமே மகளைத் திருப்பி அனுப்பிவிட்டான், அவள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

கோயில் வாசலில் விட்லாக் எல்வுட்டிடம் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"மிஸ்டர் டிங்லி, நாளைக்கு லியோனிக்காகக் கொடியை இறக்கலாம்னு துணைவேந்தர் சொல்லிட்டார். நாள் முழுக்க. விசேஷ அனுமதி."

"சரிங்க" என்றான் எல்வுட்.

"சனிக்கிழமை காலைல மட்டும் மறுபடி ஏத்திடணும். அன்னிக்கு அடுத்த வருஷம் சேரப்போற பிள்ளைங்களும் அவங்க அப்பா அம்மாவும் வளாகத்தைப் பாக்க வராங்க, அதனாலதான்..."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை கத்தக் கூடாதா மனுஷன்? அன்று ஏற்றச் சொன்னபோதும் சரி, இன்று இறக்கச் சொன்னபோதும் சரி. கல்லுக்குக்கூட மழை பட்டால் நிறம் மாறும்.

வெள்ளிக்கிழமை காலை கம்பத்தடியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சமையல்காரர்கள் ஏப்ரனோடு வந்தார்கள். எல்வுட் வந்தான், கயிற்றை அவிழ்த்தான், ஒரே சீராக இறக்கினான், பாதியில் நிறுத்திக் கட்டினான். காற்றே இல்லாததால் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. நான் அன்றைய மடலில் எந்தத் திருத்தமும் தேவைப்படாத மாதிரி எழுதியிருந்தேன். எனக்கு மனசு கொஞ்சம் ஆறிற்று. கேட்டது கிடைத்துவிட்டது, இனி எல்வுட் வீட்டுக்குப் போய்த் தூங்குவான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பர்டனிடமிருந்து போன்.

"வெர்னா, கொஞ்சம் வரியா? இவன் கம்பத்துக்கிட்ட நிக்கிறான்."

"நின்னா என்ன?"

"நின்னுக்கிட்டே இருக்கான். வா நீ."

போனேன். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். பெற்றோர்கள் கையில் வரைபடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். கம்பத்தடியில் எல்வுட் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிச்சை அவிழ்த்திருந்தான். கொடி பாதியில் இருந்தது. அவன் தோள் மட்டும் லேசாக ஆடியது. கொஞ்சம் தள்ளி விட்லாக் நின்றார், அருகே போகத் தைரியம் வராமல்.

"எல்வுட், கை மரத்துப்போச்சா?" என்றேன்.

"கை வரல, வெர்னா."

"பர்டன் ஏத்திடுவாரு. நீ விடு."

"அன்னிக்கு ஏத்தினேன்" என்றான். கயிற்றைப் பார்த்தபடியே பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "ஏத்திட்டு நின்னேன். அந்தப் பையன் ஓடி வந்து தூக்கினான். செய்தி தப்பாம், லியோனி எப்ப வராங்கன்னு கேட்டான். நான் அடக்கம்னு சொன்னேன். வாய்தான் சொல்லுச்சு. கொடி மேல இருந்துச்சு, வெர்னா. இத்தனை வருஷமா அது மேல இருந்தா யாரும் சாகலன்னு அர்த்தம். எனக்கு அது அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டு வேளைல வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன்."

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒவ்வொரு ரூமாப் பாத்தேன். கூப்பிட்டுக்கூடப் பாத்தேன். அவ இல்லன்னு தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்." கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "இப்ப இதை ஏத்தினேன்னா, மறுபடி போய்ப் பாப்பேன். மறுபடி இருக்க மாட்டா."

பர்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். ஒரு வாரமாக இந்த மனுஷனைக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றார். "யாருக்காக இறக்கியிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் விட்லாக் சொன்னார். "லியோனின்னு ஒருத்தங்க. எங்க சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல இருந்தாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும், வெர்னா. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும். மேல நான் பேசிக்கறேன்."

பர்டன் எல்வுட்டின் கையிலிருந்து கயிற்றை வாங்கிப் பாதியிலேயே கட்டினார்.

திங்கட்கிழமை பர்டனே ஏற்றுவதாக முடிவு செய்தோம். நான் அதற்கு முன்பே எல்வுட்டை என் காரில் ஏற்றிக்கொண்டேன். எங்கே என்று அவன் கேட்கவில்லை. வாசல் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன், கொடி மேலே போய்க்கொண்டிருந்தது. அவனும் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். "போய்ப் பாத்துட்டு வா" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன்."

அவன் பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஜன்னல் வழியாக அவன் தலை தெரிந்தது. சமையலறையில் தெரிந்தது, பிறகு மாடியில் தெரிந்தது, பிறகு கொஞ்ச நேரம் எங்கேயும் தெரியவில்லை. நான் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். அவன் வெளியே வந்து கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். 

"இல்ல" என்றான்.

அவன் பெல்ட்டைப் போடும்வரை பொறுத்திருந்து, வண்டியைப் பின்னால் எடுத்தேன். வேலைக்குத் திரும்பினோம்.